மறுநாளே தெளிவாகத் தெரியும், சிக்கலே அதுதான்

கண்ணாடி இல்லாமல் பார்க்க உதவும் லேசர் அறுவையான லாசிக் செய்துகொண்ட பலருக்கு மறுநாள் காலையிலேயே சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் கண் ஆறிவிட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள். பார்வை வந்துவிட்டது, சரி. புண் இன்னும் ஆறவில்லை.

கருவிழியின் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அதன் மேற்புறத்தில் 100 மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை, ஒட்டிய மெல்லிய மடலை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் செதுக்கிவிட்டு, மடலை மறுபடி மூடுகிறார்கள். வழக்கமாகத் தையல் போடுவதில்லை. ஓரங்கள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டாலும் பழைய வலு முழுதாகத் திரும்பாது. எனவே கண்ணைக் கசக்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. விழித்திருக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருப்பார்கள். தூக்கத்தில்தான் கை தானாகக் கண்ணுக்குப் போகும். இரவில் கட்டிக்கொள்ளத் தரும் பிளாஸ்டிக் மூடியை, உறுத்துகிறது என்று இரண்டாம் நாளே கழற்றி எறிவது அதனால்தான் வினையாகிறது.

அடுத்தது சொட்டு மருந்து. வலியில்லை, எரிச்சலில்லை, எதற்கு மருந்து என்று பாதியில் விட்டுவிடுகிறோம். மடலை வெட்டும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுவதால், கண் காய்ந்திருப்பதே சில சமயம் சரியாக உறைக்காது. செயற்கைக் கண்ணீர் சொட்டு சிலருக்கு மாதக்கணக்கில்கூடத் தேவைப்படும். ஸ்டீராய்டு சொட்டில் நடப்பது நேர்மாறான தவறு. நன்றாக இருக்கிறதே என்று மருத்துவர் சொன்ன நாளைத் தாண்டியும் விட்டுக்கொண்டே இருந்தால், எந்த அறிகுறியும் காட்டாமல் கண்ணழுத்தம் ஏறலாம்.

பி.ஆர்.கே. என்ற இன்னொரு வகை லேசர் அறுவை செய்தவர்கள் லாசிக் செய்த நண்பரோடு ஒப்பிட்டுப் பதறவேண்டாம். அதில் மடல் கிடையாது, கருவிழியின் மேல்தோலை நீக்கிவிடுவார்கள். முதல் சில நாட்கள் வலிக்கும், பார்வை தெளியச் சில வாரங்கள் ஆகும். காப்புக்கு வைத்த லென்ஸை நீங்களே எடுத்துவிடாதீர்கள். நீச்சல் குளம் யாருக்கும் சில வாரங்களுக்கு ஆகாது.

சில தவறுகள் அறுவைக்கு முன்பே நடந்துவிடுகின்றன. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே சற்று மாற்றிவிடும். முந்தின நாள்வரை அதைப் போட்டிருந்துவிட்டு, 'எப்போதோ நிறுத்திவிட்டேன்' என்று அளவெடுப்பவரிடம் சொன்னால் ஏமாறுவது அவரல்ல.

எல்லாம் முடிந்தபின் பழைய பவர் அளவுகள் உள்ள கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் கண்புரை வந்தால், உள்ளே வைக்கும் லென்ஸைக் கணக்கிட அது உதவும். அப்புறம், லேசர் மாற்றுவது கருவிழியை மட்டும்தான். கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டே இருக்கும், விழித்திரை விலகும் அபாயமும் அப்படியே இருக்கும். திடீரென மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியைக் கழற்றிப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் சரி.