மைல்ஸ் டிக்கெட்: சீட்டைப் பார்க்காமல் பாயிண்ட்டை மாற்றாதீர்கள்

திருப்பூர், கரூர் பக்கம் கம்பெனி நடத்துகிறவர்கள் பலரிடம் கிரெடிட் கார்டு பாயிண்ட் நிறையவே சேர்ந்து கிடக்கிறது. சேர்ப்பதில் யாரும் ஏமாறுவதில்லை. அதை மைல்ஸாக (விமான கம்பெனியின் சொந்த பாயிண்ட்) மாற்றி விமான டிக்கெட்டாக்கும்போதுதான் எல்லோரும் அதே குழியில் விழுகிறார்கள்.

சீட் மேப்பை நம்புவது

எந்த சீட் காலி என்று காட்டும் படத்தில் பாதி விமானம் காலியாகத் தெரியும். மைல்ஸில் தேடினால் ஒன்றும் இருக்காது. காசுக்கு விற்காது என்று விமான கம்பெனி கணிக்கும் சீட்டுகள்தான் பெரும்பாலும் மைல்ஸுக்கு வரும். அதனால் முன்பதிவு திறக்கும்போது கொஞ்சம் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 355 நாள் முன்பு), கடைசி இரண்டு வாரத்தில் கொஞ்சம் கிடைக்கும். நடுவில் பெரும்பாலும் வறட்சிதான். திசையும் முக்கியம். பள்ளி லீவு விட்டதும் இங்கிருந்து வெளியே போக இடிபடும். அதே வாரம் இந்தப் பக்கம் வரும் விமானங்களில் தேடினால் கிடைக்கலாம்.

சீட்டு உறுதியாகும் முன்பே பாயிண்ட்டை மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் மச்சான் ஒருவர். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகவேண்டும். ஒரு விமான கம்பெனியின் தளத்தில், அதன் கூட்டாளி விமானத்தில் பிசினஸ் கிளாஸ் இரண்டு சீட்டு காட்டியது. அதே சமயம் பாயிண்ட்டை மாற்றினால் போனஸ் என்று ஒரு சலுகை. அப்புறம் கை நிற்குமா? இருந்ததையெல்லாம் மாற்றிவிட்டார். பாயிண்ட் வந்து சேரச் சில நாள் ஆனது. பிறகு போன் வந்தது: “எல்லாத்தையும் மாத்திட்டேன் மாப்ள, சீட்டைத்தான் காணோம்.”

அந்தச் சீட்டு முதலிலேயே இருந்திருக்காது என்பது என் சந்தேகம். கூட்டாளி கம்பெனி எடுத்துவிட்ட சீட்டைப் பழைய தகவலை வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும் பேய் சீட்டுகள் சகஜம். கடைசிப் பக்கம் போனால்தான் பிழை என்று வரும். மச்சான் கண்காட்சி சீசன் விலைக்குக் காசு கொடுத்துத்தான் போனார்.

கார்டில் இருக்கும்வரை பாயிண்ட்டை அந்தக் கார்டின் கூட்டாளியான எந்த விமான கம்பெனிக்கும் அனுப்பலாம். ஒரு தடவை அனுப்பினால் பொதுவாகத் திரும்பி வராது. காலாவதிக் கணக்கும் ஓட ஆரம்பித்துவிடும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்ஸுக்கு மூன்று வருடம். ஆகவே பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். ஸ்டார் அலையன்ஸ் (விமான கம்பெனிகளின் கூட்டணி) விமானமென்றால் ஏர் கனடாவின் ஏரோபிளான், யுனைடெட் இரண்டின் தளத்திலும் தேடுங்கள். இரண்டும் காட்டினால் ஓரளவு நம்பலாம். பாயிண்ட் போய்ச்சேர எத்தனை நாள் என்று வங்கியில் கேளுங்கள். சலுகை கிடக்கட்டும்.

நாலு பேருக்கும் ஒரேயடியாகத் தேடுவது

சீட்டு இரண்டுதான் இருந்தால் ஒன்றுமே இல்லை என்று காட்டும். ஒரு ஆளுக்குத் தேடுங்கள்.

கோவையிலிருந்தே தேடுவது

கோவை–சிங்கப்பூர் ஓடும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம்தான். ஆனால் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. அதனால் ஏரோபிளானில் கோவை என்று போட்டு அதைத் தேடிப் பயனில்லை. கொச்சி, பெங்களூரு, சென்னை மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். கோவையிலிருந்து அங்கே போகத் தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் ஒரு ராத்திரியாவது இடைவெளி விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தப்பினால், இரண்டு கம்பெனியும் பொறுப்பேற்காது.