நிரல் கேட்பதற்கு முன் விடையை எழுதி வையுங்கள்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஃபாக்ஸ்புரோ என்ற பழைய நிரல்மொழியில் தொடங்கி இப்போது பைத்தான் என்ற நிரல்மொழியில் வந்து நிற்கிறேன். கடைகளில் கணக்கு எழுதும் பிள்ளைகள் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஏஐ சாட்பாட்டே நிரல் எழுதித் தருகிறதாமே, சின்னச் சின்ன வேலைகளை நாங்களே பார்த்துக்கொள்ளலாமா?" என் பிழைப்பில் கைவைக்கிற கேள்வி. இருந்தாலும் தாராளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். எந்த வேலையை, எந்த வரிசையில் என்று தெரிந்திருந்தால் போதும். எக்செல் புழங்கத் தெரிந்த, ஆனால் நிரல் எழுதிப் பழகாத ஒருவரை மனதில் வைத்து அதை இங்கே எழுதுகிறேன்.

நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி 2021இல் வந்தது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று ஆகிவிட்டது. இணையத்தில் பொதுவில் கிடக்கும் ஏராளமான நிரல்களைப் படித்துப் பழகியவை இவை. ஆகவே உலகமெங்கும் ஆயிரம் பேர் ஏற்கெனவே எழுதிப் பார்த்த வேலை என்றால் பெரும்பாலும் பிசகில்லாமல் வரும். பன்னிரண்டு மாத எக்செல் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது, தாறுமாறான தேதிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது, நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பெயர் மாற்றுவது, இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் காட்டுவது எல்லாம் அந்த ரகம். நான்கூட அவற்றைக் கையால் எழுதுவதில்லை.

நம் வரிச் சட்டம், நம் எழுத்து, நம் கடை வழக்கம் என்று வரும்போது தடுமாறும். தடுமாறுவது வெளியே தெரியாது என்பதுதான் தொல்லை. சரியானதையும் தவறானதையும் ஒரே தெளிவோடு, ஒரே பணிவோடு எழுதித் தரும். அந்த நடையை வைத்து நிரலை எடைபோட வழியே இல்லை.

எனவே முதல் வேலை கணினியில் இல்லை. ஒரு தாளை எடுத்து, நீங்கள் கேட்கப்போகும் நிரலுக்குள் போகும் கணக்குகள் சிலவற்றையும் அவற்றுக்கு வரவேண்டிய விடைகளையும் உங்கள் கையால் போட்டு எழுதி வையுங்கள். சாட்பாட்டிடம் கேட்டு எழுதாதீர்கள், கால்குலேட்டர் போதும். நிரல் வந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், அது தரும் விடையைப் பார்த்து "சரியாகத்தான் இருக்கும்" என்று மனம் தலையாட்டிவிடும்.

எந்தக் கணக்குகளை எழுதுவது? இங்கேதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பில் தொகையை முழு ரூபாயாக்கும் வேலையையே எடுத்துக்கொள்வோம். 250 ரூபாய் துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 12 ரூபாய் 50 பைசா. மொத்தம் 262.50. ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு வரித்தொகைக்குச் சொல்கிறது. பில் மொத்தத்துக்கும் கடைகள் அதே வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஆக விடை 263. பைத்தானில் இதற்கு 'ரவுண்ட்' என்ற கட்டளை இருக்கிறது. சாட்பாட்டும் பெரும்பாலும் அதையே எடுத்துப் போடும். அது தரும் விடை 262.

பைத்தானில் பிழை ஒன்றும் இல்லை. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. இனி 270 ரூபாய் துணியைப் போட்டுப் பாருங்கள். வரியோடு 283.50. பைத்தான் 284 என்று சரியாகச் சொல்லும், ஏனென்றால் 284 இரட்டைப்படை. நீங்கள் 270ஐ மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் நிரல் சரி என்று கடையில் ஓடவிட்டிருப்பீர்கள். பிறகு சில பில்களில் மட்டும் ஒரு ரூபாய் குறையும், சிலவற்றில் குறையாது, மாதக் கடைசியில் ஆடிட்டர் வந்து கேட்பார். எக்செலில் அதே பெயருள்ள சூத்திரம் 263 என்றுதான் தரும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். இதற்கு மருந்து எளிது. "டெசிமல் முறையைப் பயன்படுத்து, பாதி வந்தால் எப்போதும் மேலே ஏற்று" என்று கேட்டால் சரியாக எழுதிவிடும். ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்கு 262.50 உங்கள் தாளில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே தாளில் விளிம்புகளை எழுதுங்கள். பாதியில் நிற்கும் எண், பூஜ்யம், திரும்பி வந்த சரக்குக்கான கழித்தல் தொகை, காலியாக விடப்பட்ட கட்டம், மார்ச் 31, ஏப்ரல் 1. ஆயத்த ஆடை விற்பவர்கள் 2,500 ரூபாய்ச் சட்டையையும் 2,501 ரூபாய்ச் சட்டையையும் தவறாமல் எழுத வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன்பு எல்லை 1,000 ரூபாய், மேலே 12 சதவீதம். சாட்பாட் படித்த பாடத்தில் பழைய எல்லைதான் அதிகம் இருக்கும். ஆகவே வரி விகிதத்தை அதனிடம் கேட்காதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். விகிதங்களை நிரலுக்குள் அங்கங்கே விதைக்காமல் தனிக் கோப்பில் வைக்கும்படியும் சொல்லிவிடுங்கள். அடுத்த மாற்றம் வரும்போது ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள பட்டியல் என்றால் தனியாக ஒரு சோதனை. கமலா, கனகா என்ற இரண்டு வாடிக்கையாளர்களையும், பவானி, பழனி என்ற இரண்டு ஊர்களையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் அகரவரிசையில் கமலா முதலில், கனகா பிறகு, ஏனென்றால் னகரம் மெய்களில் கடைசி. பவானி முதலில், பழனி பிறகு. வகரத்துக்குப் பின்தான் ழகரம். பைத்தானின் சாதாரண வரிசைப்படுத்தலில் இரண்டுமே தலைகீழாக வரும். யூனிகோடில் னகரம் நகரத்தை ஒட்டியும், றகரம் ரகரத்தை ஒட்டியும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். தமிழ் அகரவரிசை என்று அழுத்திச் சொல்லாவிட்டால் சாட்பாட் அந்தச் சாதாரண முறையைத்தான் எழுதித் தரும். பல மொழிகளின் அகரவரிசையும் தெரிந்த ஐசியூ என்ற ஆயத்த நிரல் தொகுப்பைக் (லைப்ரரி) கொண்டு தமிழ் மொழி அமைப்பில் வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மெய்களின் வரிசை சரியாகிவிடும். பில்லில் சரக்கின் பெயரைத் தமிழில் அச்சடிப்பவர்களுக்கு இன்னொன்று: 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்று எழுத்து என்போம், பைத்தான் ஐந்து என்று எண்ணும். பத்திகள் கோணல்மாணலாக அச்சாவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி கேட்கும் முறை. "எனக்கு ஒரு ஸ்டாக் மென்பொருள் வேண்டும்" என்று ஒரே மூச்சில் கேட்டால் பக்கம் பக்கமாக வரும். அதில் எது தேவை, எது தேவையில்லை என்று உங்களால் பிரிக்க முடியாது. ஒரு வேலை, ஒரு கேள்வி. நான் கேட்கும் விதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என்னிடம் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. பத்திகள்: பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், தொகை. தேதி நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் உள்ளது. மாதிரிக்கு நான்கு வரிகள் கீழே. வாடிக்கையாளர்வாரியாக மொத்தத் தொகை வேண்டும். இந்த நான்கு வரிகளுக்கு வரவேண்டிய விடை இது. மூலக் கோப்பைத் தொடாதே, விடையைப் புதிய கோப்பில் எழுது. தொகைக் கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதே, அந்த பில் எண்ணைக் காட்டி நின்றுவிடு. ஏதாவது தெளிவில்லை என்றால் எழுதுவதற்கு முன் கேள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சாட்பாட் தானாக ஊகித்துக்கொண்டு எழுதும். எதை ஊகித்தது என்பதைச் சொல்லாமலும் போகலாம். தேதி வரிசையும் அப்படித்தான். 03-04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க வழக்கத்தில் மார்ச் 4. நிதியாண்டே மாறிவிடும்.

மாதிரி வரிகளில் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், ஜிஎஸ்டி எண் இருக்கக் கூடாது. நீங்களே கற்பனையாக நான்கு பெயர்களை எழுதுங்கள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் உள் நிரலை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டு, அந்த நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட நேர்ந்தது. நம் கடைக்கு அவ்வளவு பெரிய ரகசியம் இல்லைதான். ஆனால் மொத்த வியாபாரி ஒருவரின் கொள்முதல் விலைப் பட்டியல் வெளியே போனால் என்ன ஆகும் என்று உங்கள் முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

நிரல் வந்ததும் தாளில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். தவறினால், "தவறு" என்று மட்டும் சொல்லாமல், போட்ட எண், வந்த விடை, வரவேண்டிய விடை மூன்றையும் கொடுங்கள். இந்தச் சாட்பாட்டுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. சரியான வரியைக் காட்டி "இது தவறில்லையா?" என்று கொஞ்சம் அதட்டிக் கேட்டால்கூட, "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி" என்று மாற்றி எழுதிவிடும். ஆகவே அதன் ஒப்புதலுக்கு மதிப்பில்லை, தாளுக்குத்தான் மதிப்பு. இரண்டு திருத்தங்களுக்குப் பிறகும் அதே இடத்தில் சுற்றினால் அந்த உரையாடலை மூடிவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்து, கேள்வியைத் திருத்திக் கேளுங்கள். பழைய தவறுகள் எல்லாம் உரையாடலில் கிடக்கும்வரை அவற்றின் மேலேயே கட்டிக்கொண்டு போகும்.

"முதலில் இந்த பேக்கேஜை நிறுவுங்கள்" என்று ஒரு வரி தந்தால், அங்கே நிறுத்துங்கள். பேக்கேஜ் என்பது வேறு யாரோ எழுதி இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு. இல்லாத பேக்கேஜுக்குப் பெயர் வைப்பது இந்தச் சாட்பாட்டுகளின் வழக்கம். 16 ஏஐ மாடல்களைக் கொண்டு எழுதிய 5,76,000 நிரல்களைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரிந்துரைத்த பேக்கேஜ்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லை. கட்டண மாடல்களில் இது 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இல்லாத பெயர் என்றால் நிறுவ முடியாது, அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். எந்தப் பெயரை அடிக்கடி கற்பனை செய்கிறது என்று பார்த்து, அதே பெயரில் விஷமத்தனமான பேக்கேஜை ஒருவர் ஏற்றி வைக்கலாம். ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சோதனைக்காக அப்படிப்பட்ட ஒரு பெயரில் வெற்றுப் பேக்கேஜை ஏற்றி வைத்தார். மூன்றே மாதங்களில் 30,000 முறைக்கு மேல் இறக்கப்பட்டது. ஆகவே பைத்தான் பேக்கேஜ்கள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் பெயரைத் தேடி, எப்போது முதலில் வெளியானது, அதன் மூல நிரல் எங்கே இருக்கிறது, வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். போன வாரம் முளைத்தது என்றால் வேண்டாம்.

உங்கள் கணினியில் மட்டும் ஓடும் நிரலுக்கு இவ்வளவு போதும். வாடிக்கையாளர் நுழையும் வலைப்பக்கம், கடவுச்சொல், பணம் செலுத்தும் வசதி என்றால் நிலைமை வேறு. 2021இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபைலட்டுக்கு 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை வாங்கிப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதத்தில் பாதுகாப்பு ஓட்டை. அது பழைய மாடல், இப்போது தேறியிருக்கிறது. ஆனால் 2022இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஆய்வு சொன்னதுதான் எனக்கு முக்கியம்: ஏஐ துணையோடு எழுதியவர்களின் நிரல் மற்றவர்களுடையதைவிடப் பாதுகாப்புக் குறைவாக இருந்தது, அவர்களோ அது பாதுகாப்பானது என்று கூடுதலாக நம்பினார்கள். இந்த ரக ஓட்டையைத் தாளில் உள்ள கணக்கு காட்டிக்கொடுக்காது. விடை சரியாகவே வரும். திருடன் வரும் வழியும் திறந்தே இருக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு ஆள் வையுங்கள். (என்னைத்தான் என்று இல்லை.)

இப்போது சாட்பாட்டுகள் நிரலை எழுதித் தருவதோடு நிற்காமல், உங்கள் கணினிக்குள் புகுந்து தாமே ஓட்டவும் செய்கின்றன. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ முகவர், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தபோதே ஒரு பயனரின் நடப்புத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 'செய்யாதே' என்று எழுதிவைப்பது பூட்டு ஆகாது. நடப்புக் கணக்கு இருக்கும் கணினியில் அதற்கு அனுமதியே தராதீர்கள். நகல் எடுத்து, வேறு கணினியில், நகலின்மேல் ஓட்டுங்கள். டேலி கோப்புறையைக் கண்ணில் காட்டவே வேண்டாம்.

நேரம் மிச்சமாகுமா என்றால், எனக்குத் தெரியாத வேலையில் நிறைய மிச்சமாகிறது. நானே வருடக்கணக்கில் எழுதி வளர்த்த பில் நிரலில் அவ்வளவாக இல்லை. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல் அனுபவமுள்ள 16 நிரலாளர்களை அவர்கள் நன்கறிந்த நிரல்களிலேயே 246 வேலைகளில் ஈடுபடுத்திப் பார்த்தது. ஏஐ கருவியோடு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேலை முடிந்த பிறகும் அவர்கள் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே நினைத்தார்கள். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றுதான் நானும் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். அதில் உள்ள கணக்குகளைச் சோதனைக் கோப்பாக மாற்றித் தரும்படி சாட்பாட்டிடமே கேட்கலாம். அந்த வேலையை நன்றாகவே செய்யும். எண்களைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நிரல் இருக்கும் அதே கோப்புறையில் வையுங்கள். நிரலில் ஒரு வரி மாறினாலும் முதலில் சோதனையை ஓட்டி, 263 வருகிறதா, கமலாவுக்குப் பின்னால் கனகா நிற்கிறாளா என்று பார்த்த பிறகு கடையைத் திறக்கலாம்.