ஊர் கூடி நடத்தும் இசை விழா: ஏற்பாட்டாளர்களுக்கும் இசை கற்பிக்க வரும் தன்னார்வலர்களுக்கும்

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ஆம் ஆண்டு, பாடகர் டி.எம்.கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் அவ்வூர் மக்களுடன் சேர்ந்து தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் நாட்டார் கலைகளையும் மீனவர் குடியிருப்புக்கு நடுவே கொண்டுவந்தது. அத்தகைய விழாவை நடத்த விரும்புவோர் முதலில் ஊர்ப் பெரியவர்களையும் மகளிர் குழுவினரையும் இளைஞர்களையும் சந்தித்து, விழா அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். மேடைக்கு இடம் பார்ப்பதெல்லாம் பிறகுதான். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதை ஏற்கும் மனத்தோடு போக வேண்டும்.

நிகழ்ச்சி நிரலை எழுதும் குழுவில் பாதிப் பேராவது அவ்வூராராக இருப்பது அவசியம். வெளியிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு அழைப்பிதழை நீட்டினால், அவர்கள் தங்கள் ஊரிலேயே விருந்தாளிகள் ஆகிவிடுவார்கள். விழா நாளையும் அவர்களே குறிக்கட்டும். விசைப்படகுகளை நம்பியிருக்கும் கிழக்குக் கடற்கரை ஊர்களில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நன்கொடை கேட்டுப் போவது தகாது.

நிரலில்தான் பெரும்பாலான விழாக்கள் தவறுகின்றன. பறைக் கலைஞர்களை வாசலில் நின்று விருந்தினரை வரவேற்க வைத்துவிட்டு, பாட்டுக் கச்சேரிக்கு மட்டும் மேடையும் ஜமக்காளமும் தருவது, பழைய ஏற்றத்தாழ்வை மறுபடியும் அரங்கேற்றுவதே ஆகும். எல்லாக் கலைஞருக்கும் ஒரே மேடை, ஒத்த நேரம், ஒரே அளவு சன்மானம், ஒரே பந்தியில் சாப்பாடு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சமமாக நடத்துவது என்பதில் கருவியின் தேவையை அறிவதும் அடங்கும்: கடற்காற்றின் ஈரத்தில் பறையின் தோல் தளரும் என்பதால், அதைக் காய்ச்ச மேடைக்குப் பின்னால் பாதுகாப்பான இடத்தில் தீ மூட்ட வழிசெய்ய வேண்டும், வீணைக்கு நல்ல ஒலிவாங்கி வேண்டும், நாகசுரத்துக்குத் திறந்தவெளியில் பெரும்பாலும் ஒலிவாங்கியே தேவைப்படாது. பறையை அடுத்து உடனே வீணையை வைக்காமல், இடையில் பேச்சோ கதையோ வைத்தால் கேட்பவர்களின் செவி இளைப்பாறும்.

ஒலிபெருக்கிக்குக் காவல்துறையிடம் எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை உண்டு.

மணலில் சக்கர நாற்காலி ஓடாது. மெரினாவில் 2022இல் திறந்த மரப்பாதை சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது; ஆகவே தற்காலிகமாகப் பலகை விரிப்பவர்கள், விழா நாள் காலையில் அதன் மீது ஒருமுறை நாற்காலியை உருட்டிப் பார்த்துவிட வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர, குறைந்தது பன்னிரண்டடி நீளம் தேவை. சக்கர நாற்காலியில் வருபவர் பாடவும் வரக்கூடும் என்பதால், மேடைக்கும் சாய்தளம் அமைக்க வேண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடத்தில் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும். பேரொலியைத் தாங்க முடியாத குழந்தைகளுக்கு ஒலிபெருக்கிக்கு எட்டாத ஓர் அறையைத் திறந்து வைப்பது, பல தாய்மார்கள் விழாவுக்கு வருவதா வேண்டாமா என்பதையே முடிவு செய்யும்.

விழாவுக்குப் பிறகு அதே ஊரில் இசை கற்பிக்க முன்வரும் தன்னார்வலர்கள், ஓராண்டாவது வர முடியுமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் வருவதைவிட, வாரந்தோறும் அதே கிழமையில் ஒரு மணி நேரம் வருவது மேல். முதல் வகுப்பில், கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைத் தொடங்காமல், பிள்ளைகள் பாடும் கானா, கோயில் பாட்டு, தேவாலயப் பாட்டு ஆகியவற்றைக் கேட்டு, அவற்றின் தாளத்தை எண்ணச் சொல்லலாம். தாளம் அவர்கள் கையில் முன்பே இருப்பது அப்போது இருவருக்கும் தெரியவரும். ஆண் ஆசிரியர் தமக்கு வசதியான ‘ஒரு கட்டை’ என்னும் தாழ்ந்த சுருதியில் பாடினால் பிள்ளைகளின் குரல் கீழே இறங்காமல் திணறும் என்பதால், அவர்களுக்கேற்ற சுருதியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எந்தப் பிள்ளையுடனும் தனியறையில் இருக்கக் கூடாது. பெற்றோரின் ஒப்புதலின்றிப் படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்குத் துன்பம் நேர்வது தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். இடையில் விலக நேர்ந்தால், ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் நேரில் சொல்லி, அடுத்து வரும் ஆசிரியருடன் நான்கு வகுப்புகளாவது சேர்ந்து நடத்திவிட்டுப் போவதுதான் முறை.