புத்தக அலமாரிப் பலகை தொய்யாமல் இருக்க என்ன செய்யலாம்

புத்தகம் அடுக்கிய பலகை நடுவில் தொய்ந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் அது செய்யும்போதே தவிர்த்திருக்கக்கூடிய விஷயம். “நல்லா வெயிட் தாங்கும்” என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், அது பொய்யும் இல்லை, பலகை உடையவில்லையே. ஆனால் உடையாமல் தாங்குவது வேறு, வளையாமல் நிற்பது வேறு. முன்னது வலிமை, பின்னது விறைப்பு. அலமாரிக்கு நாம் கேட்க வேண்டியது விறைப்பை.

ஒரு 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துத் தட்டையாகப் பிடித்து அழுத்துங்கள், விரல் பட்டாலே வளையும். அதையே விளிம்பு மேலே வருகிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள், அசையாது. பொருள் அதேதான், மாறியது எடை விழும் திசையில் உள்ள உயரம் மட்டும். இந்த உயரத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப விறைப்பு கூடுகிறது, அதாவது தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இதனால்தான் இரண்டு பலகையைச் சும்மா ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டு மடங்குதான் கிடைக்கும், ஃபெவிகால் போட்டு இறுக்கி ஒட்டினால் எட்டு மடங்கு.

இப்போது ஒரு நிஜக் கணக்கு. 900 மி.மீ. நீளம், 250 மி.மீ. அகலம், 18 மி.மீ. தடிமனுள்ள பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), இரண்டு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மேலே 30 கிலோ புத்தகம். அந்தப் போர்டின் யங் குணகம், அதாவது அந்தப் பொருள் இயல்பிலேயே எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் எண், 2,500 மெகாபாஸ்கல் என்று வைத்தால் நடுவில் சுமார் 9 மி.மீ. இறங்கும். 3 மி.மீ.யைத் தாண்டினாலே கண்ணில் படும் என்பது என் அளவுகோல். அதே அளவில் தேக்கு போட்டால் குணகம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, இறக்கம் 2 மி.மீ. சொச்சம். சரி, தேக்குக்குச் செலவு செய்ய முடியாது என்றால்? நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பு வையுங்கள். இறக்கம் இடைவெளியின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும், அதனால் இடைவெளி பாதியானால் இறக்கம் எட்டில் ஒரு பங்கு; அதன்மேல் விழும் எடையும் பாதியாகிறது, இரண்டும் சேர்ந்து இறக்கம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 9 மி.மீ. இருந்த இடத்தில் அரை மி.மீ. சொச்சம்தான்!

தடுப்பு வேண்டாம், பலகை முழு நீளத்துக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்கிறவர்கள், பின்விளிம்புக்குக் கீழே சுவரில் ஒரு ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டத்தை) ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, முன்விளிம்பில் 18-க்கு 40 மி.மீ. மரச்சட்டத்தை 40 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கும்படி ஒட்டுங்கள். நல்ல மரமாக இருந்தால் அந்தச் சின்னச் சட்டம் ஒன்றே அந்தப் பலகையைப்போல மூன்று மடங்கு விறைப்பு கொடுக்கும். படுக்கையாக ஒட்டினால் பெரிய பலன் இல்லை, இதை ஆசாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிளைவுட் என்றால் மேல்தாளின் ரேகை நீளவாக்கில் ஓடுகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் சோதித்தும் பார்க்கலாம். பலகையை இரண்டு ஸ்டூல் மேல், அலமாரியில் வரப்போகும் அதே இடைவெளியில் வைத்து, முனைக்கு முனை நூலை இழுத்துக் கட்டி, நடுவில் குறுக்காக ஒரு குச்சி போட்டு அதன்மேல் 20 லிட்டர் தண்ணீர் கேனை நிறுத்துங்கள் (பக்கத்தில் ஒருவர் கேனைப் பிடித்துக்கொள்ளட்டும்). நடுவில் குவிந்த 20 கிலோ, பரவலாக அடுக்கிய 32 கிலோவுக்குச் சமமான இறக்கத்தைத் தரும், ஆகவே நூலுக்கும் பலகைக்கும் நடுவே தெரிகிற இடைவெளிதான் ஏறக்குறைய உங்கள் முதல் நாள் தொய்வு.

முதல் நாள் என்று சொன்னது காரணமாகத்தான். எடை மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் மரம் மெதுவாக இன்னும் இறங்கும், தேக்கில் கொஞ்சம், பார்ட்டிகிள் போர்டிலும் எம்.டி.எஃப்-இலும் (மரநாரை அழுத்திச் செய்த போர்டு) இரண்டு மடங்குக்கு மேலேயே. அதனால் அந்த வகைப் போர்டில் கேன் சோதனை 1 மி.மீ.க்கு மேல் காட்டினால் நான் அதை அப்படியே போட மாட்டேன், சட்டம் ஒட்டிவிட்டு மறுபடி கேனை ஏற்றிப் பார்ப்பேன்.