பெப்டைட் ஊசி வாங்கும் முன்: அழற்சியைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த சித்தப்பாவுக்காக எங்கள் வீட்டில் ஒருவர் ஆன்லைனில் ஒரு குட்டிக் குப்பி பெப்டைட் ஊசி மருந்து வாங்கி வைத்திருந்தார். பெப்டைட் என்றால் சில அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி, புரதத்தின் சின்ன வடிவம். அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள், லேபிளில் பொடி எழுத்தில் 'ஆய்வுக்கு மட்டும்' என்று இருந்தது. "மூளையில இருக்கற அழற்சிய இது மொத்தமா அணைச்சிடுமாம்" என்றார்.

அந்த 'மொத்தமா' தான் முதல் தவறு. அழற்சி என்பது காயத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தரும் பதில். மூளையில் ரத்த ஓட்டம் நின்று செல்கள் செத்தால் அவற்றை விழுங்கிச் சுத்தம் செய்வது மைக்ரோக்ளியா, மூளையிலேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள். இவை டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற, அழற்சியைத் தூண்டும் புரதங்களை அளவுக்கு மீறிச் சுரந்தால் பக்கத்தில் நன்றாக இருக்கும் நரம்புச் செல்லும் கெடும், ஆனால் புண்ணை ஆற்றுவதிலும் இவற்றுக்கே பங்கு உண்டு. போதாததற்கு, பெரிய பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இறங்கி நிமோனியா பிடிக்கலாம். அந்தச் சமயத்தில் இன்னும் அடக்குவது ஆபத்து.

நம் உடம்பே சுரக்கும் பெப்டைடுகள் அப்படி மொத்தமாக அணைப்பதில்லை. 1970இல் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த விஐபி (VIP) என்ற பெப்டைடை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 28 அமினோ அமிலங்கள். மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்லின் ஏற்பியில் (செய்தி வாங்கும் இடத்தில்) உட்கார்ந்து டிஎன்எஃப்-ஆல்ஃபாவைக் குறைக்கும், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10ஐக் கூட்டும். ரத்தத்தில் சில நிமிடம்கூடத் தாங்காது. இந்த மாதிரி பெப்டைடை மாத்திரையாக விழுங்கினால், சாப்பிட்ட பருப்பைப் போல வயிற்றிலேயே பெரும்பாலும் செரித்துவிடும், அதை மறந்துவிடுகிறோம்.

எலியில் வேலை செய்தது என்று நம்பிவிடுவது அடுத்தது. டாவ்னடைட் என்ற 8 அமினோ அமிலப் பெப்டைட் எலிகளில் நல்ல நம்பிக்கை தந்தது. மூக்கில் விடும் மருந்தாக, பிஎஸ்பி என்ற மூளை நோய் உள்ளவர்களிடம் சோதித்தபோது பலன் இல்லை.

எனக்கு ரொம்பக் கவலை தருவது, மற்ற மருந்துகளோடு சேரும்போது என்ன ஆகும் என்று கேட்காமல் விடுவதுதான். நெரினடைட் என்ற பெப்டைடை 1,105 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2020இல் முடிவு வெளியானது. மொத்தத்தில் பலன் தெரியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் போட்டவர்களிடம், அது தூண்டும் பிளாஸ்மின் என்ற நொதி இந்தப் பெப்டைடையும் வெட்டிவிடுகிறது. பெரிய மருத்துவமனையில், கண்காணிப்பில் இருக்கும்போதே இப்படி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு வீட்டில், என்ன இருக்கிறது என்றே தெரியாத தூளைக் கரைத்து ஊசி போட்டால்?

அந்தக் குப்பியையும் சித்தப்பாவின் மருந்துச் சீட்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். குப்பியைத் திறக்கவே இல்லை.