பிறர் இடத்தில் காயமடைந்தால் இழப்பீடு கோருவது எப்படி?

கடையோ, அலுவலகமோ, வாடகைக் குடியிருப்போ, அங்கே காயமடைந்தோம் என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடைத்துவிடாது. அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் ஆபத்தை அறிந்திருந்தார், அல்லது நியாயமான கவனம் செலுத்தியிருந்தால் அறிந்திருக்க முடியும், அப்படியிருந்தும் சரிசெய்யவோ எச்சரிக்கவோ தவறினார் என்பதைப் பொதுவாக நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே முதல் சில மணி நேரம் மிக முக்கியம். ஈரத் தரையை உடனே துடைத்துவிடுவார்கள். உடைந்த படியை மறுநாளே பூசிவிடுவார்கள். கண்காணிப்பு கேமராப் பதிவும் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடக்கூடும். ஈரம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, விளக்கு எரிந்ததா என்பவை தெரியும்படி அருகிலிருந்தும் தொலைவிலிருந்தும் படமெடுத்து, நேரில் கண்டவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு, கேமராப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். அணிந்திருந்த செருப்பையும் கழுவாமல் எடுத்து வையுங்கள். அதன் தேய்மானம்தான் காரணம் என்ற வாதம் எழக்கூடும்.

வலி குறைவாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். எங்கே, எப்படி விழுந்தீர்கள் என்பது மருத்துவக் குறிப்பில் பதிவாகட்டும். ரசீதுகளையும் சம்பள இழப்புக்கான சான்றையும் சேர்த்து வையுங்கள்.

அந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் காப்பீட்டு நிறுவனம் விரைந்து ஒரு தொகையைத் தர முன்வந்தால், உடல் எந்த அளவு தேறும் என்று மருத்துவர் சொல்லும்வரை கையெழுத்திடாதீர்கள்; பெரும்பாலும் அந்தக் கையெழுத்தோடு மேற்கொண்டு கேட்கும் உரிமை போய்விடும். வலியில் இருப்பவரை அவ்வாறு அவசரப்படுத்துவது அநியாயம் என்றே கருதுகிறேன். உங்கள் கவனக்குறைவும் ஓரளவு காரணமானால் பல நாடுகளில் தொகை அதற்கேற்பக் குறையும். வழக்குத் தொடரும் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறுவதாலும், அரசுக்குச் சொந்தமான இடமெனில் இன்னும் குறுகக்கூடும் என்பதாலும், வழக்கறிஞரைத் தாமதமின்றி அணுகுங்கள்.