பொரோவா, லெண்டா? இரவல் வாங்கும் ஆங்கிலம்

கல்லடியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் போன கிழமை ஒரு பொடியன் எழும்பி, ‘சேர், கேன் யூ பொரோ மீ எ பென்?’ என்றான். பேனையைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கேட்டேன். பாதிப் பேருக்கு அதில் பிழையே தெரியவில்லை.

தமிழில் ‘இரவல்’ என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு என்று வினையை மாற்றிச் சேர்க்கிறோம். பிள்ளைகளோ பொரோ என்றால் இரவல் என்று மட்டும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். பொரோ என்றால் இரவல் வாங்கு, லெண்ட் என்றால் இரவல் கொடு. கொப்பியில் அப்படியே முழுதாக எழுதுங்கள். காசுக் கடனுக்கும் இதே இரண்டு சொற்கள்தான்.

படி 1: எழுவாயைப் பிடியுங்கள்

பக்கத்து வீட்டு மாமாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பாலம் தாண்டி டவுனுக்குப் போகிறேன் என்று வையுங்கள். வாங்கிய நான் எழுவாய் என்றால், ‘ஐ பொரோட் ஹிஸ் பைசிக்கிள்.’ கொடுத்த மாமா எழுவாய் என்றால், ‘ஹீ லென்ட் மீ ஹிஸ் பைசிக்கிள்.’ சைக்கிள் ஒன்றுதான், ஆள் மாறச் சொல்லும் மாறுகிறது.

படி 2: பின்னால் வரும் ஆளைப் பாருங்கள்

லெண்டுக்குப் பின்னால் ஆள் நேரே வரலாம்: லெண்ட் மீ, லெண்ட் ஹேர். பொருளை முதலில் சொன்னால் இடையில் ‘டு’ வேண்டும்: ‘ஹீ லென்ட் இட் டு மீ.’ பொரோவில் ஆள் நேரே வரமாட்டார், ‘ஃப்ரொம்’ போட்டுத்தான் வருவார்: ‘ஐ பொரோட் இட் ஃப்ரொம் ஹிம்.’ பொடியன் இடறியது இங்கேதான். இரவல் கேட்கும்போது ‘கேன் ஐ’ என்று தொடங்கினால் பொரோ, ‘கேன் யூ’ என்று தொடங்கினால் லெண்ட். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை போய்விடும்.

படி 3: இறந்தகாலம்

பொரோவுக்கு ஈ-டி சேர்த்தால் சரி. லெண்டில் கடைசி டி போய் ரீ வரும்: ‘லென்ட்’. ‘லெண்டட்’ என்று ஒன்று கிடையாது.

மொழிகளுக்கிடையிலும் பொரோ உண்டு. நம் கட்டுமரத்தை ஆங்கிலம் அப்படித்தான் எடுத்து ‘கற்றமரான்’ ஆக்கியது. திருப்பித் தரும் எண்ணமில்லை!

இன்னொன்று: கையோடு கொண்டுபோக முடியாததற்குப் பொரோ பொருந்தாது. ஒருவர் வீட்டுக் கழிவறையை ‘யூஸ்’ பண்ணத்தான் கேட்க வேண்டும்.

சரி, இதை நிரப்புங்கள்: ‘வங்கி அம்மாவுக்குக் காசு ____. அம்மா வங்கியிடம் காசு ____.’ முதலாவதில் லென்ட், இரண்டாவதில் பொரோட்.